மலை விழுங்கிய சரக்கு விமானங்கள்

1945 ஜனவரி 6. அன்று இரவு இமயமலையின் கிழக்குக் கோடியில் கிளம்பிய புயலில், அசாமுக்கும் சீனாவின் குன்மிங் நகருக்கும் இடையே பறந்துகொண்டிருந்த அமெரிக்க சரக்கு விமானங்கள் சிக்கிக்கொண்டன. காற்று அவற்றை ஒரு நிமிடத்துக்குள் ஆயிரக்கணக்கான அடி மேலே தூக்கியது, அடுத்த நிமிடம் அதே வேகத்தில் கீழே இழுத்தது. மறுநாள் கணக்கெடுத்தபோது, ராணுவத்தின் வான் போக்குவரத்துப் பிரிவில் மட்டும் 9 விமானங்கள் திரும்பி வரவில்லை. அவற்றை அன்று வீழ்த்தியது எதிரியின் பீரங்கி அல்ல, வானிலை.

போரில் சரக்கு விமானம் ஓட்டுகிறவர்களின் நிலைமை இதுதான். அவர்கள் யாரையும் சுடுவதில்லை. பெட்ரோல், தோட்டா, மருந்து, உணவு என்று எதையாவது ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டு வருகிறார்கள். மெதுவாகப் பறக்கும் பெரிய விமானம், தற்காத்துக்கொள்ளத் துப்பாக்கிகூடக் கிடையாது. அவர்களுடைய சாவு போர்க்கள வீரமரணமாகப் பேசப்படுவதும் அரிது. பெரும்பாலும் 'விபத்து' என்ற ஒரு சொல்லில் பதிவேட்டில் முடிந்துபோகிறது.

இப்படியொரு போக்குவரத்து ஏன் தேவைப்பட்டது? சீனாவின் முக்கியத் துறைமுகங்கள் ஜப்பான் வசம் போன பிறகு, அந்நாட்டுக்குப் பொருள் போன பெரிய தரைவழி பர்மா சாலைதான். ரங்கூனில் இறக்கிய சரக்கு ரயிலில் லாஷியோவுக்குப் போய், அங்கிருந்து லாரியில் குன்மிங் சேரும். 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்தது. ஏப்ரல் இறுதியில் லாஷியோவும் விழுந்தது. மிஞ்சியது வானம் ஒன்றுதான். அசாமின் சாபுவா, தின்ஜான், ஜோர்ஹாட் போன்ற இடங்களில், தேயிலைத் தோட்டங்களை ஒட்டியும் அவற்றின் மேலேயும் விமானத் தளங்கள் முளைத்தன. கல் உடைத்து, மண் சுமந்து ஓடுதளம் போட்டவர்களில் தோட்டத் தொழிலாளிகளும் பெண்களும் ஏராளம். பெட்ரோல் பீப்பாய்களை விமானத்தில் ஏற்ற யானைகளைக்கூடப் பயன்படுத்தினார்கள்.

அசாமிலிருந்து குன்மிங் சுமார் 500 மைல். தூரம் பெரிதில்லை, குறுக்கே நிற்கும் மலைகள்தான் பெரிது. பிரம்மபுத்திரா பள்ளத்தாக்கிலிருந்து கிளம்பும் விமானம் உடனே 10,000 அடி உயரமுள்ள பட்காய் மலையைத் தாண்ட வேண்டும். பிறகு சிந்த்வின் ஆறு. அதற்கப்பால் 14,000 அடி குமோன் மலை. அடுத்து ஐராவதி ஆற்றின் கிளைகளைக் கடந்தால், சால்வீன், மேகாங் ஆறுகளுக்கு நடுவே 15,000 அடிச் சிகரங்கள் சுவராக நிற்கும். விமானிகள் அதற்கு 'ஹம்ப்', அதாவது திமில், என்று பெயர் வைத்தார்கள். பிறகு அந்தப் பெயரே பாதை முழுவதற்கும் நிலைத்துவிட்டது.

வங்காள விரிகுடாவின் ஈரக்காற்றும், சைபீரியாவின் குளிர்காற்றும், இமயத்தை ஒட்டி மேற்கிலிருந்து வரும் காற்றும் மோதிக்கொள்ளும் இடம் அது. மணிக்கு 100 மைலுக்கு மேல் வீசும் காற்று அங்கே சர்வசாதாரணம். மழைக்காலத்தில் முன்னால் மேகம் இருக்கிறதா மலை இருக்கிறதா என்பதே தெரியாது. இறக்கையில் பனி படிந்து கனத்தால் விமானம் உயரம் இழக்கும். கையில் இருந்த வரைபடங்களையும் நம்ப முடியாது. பாதையைக் காட்டும் ரேடியோ நிலையங்கள் ஆரம்பத்தில் மிகக் குறைவு.

விமானங்களும் கைகொடுக்கவில்லை. சி-47 நம்பகமானதுதான், ஆனால் அந்த உயரத்துக்குச் சுமையோடு ஏறத் திணறியது. அதைவிட அதிகம் சுமக்கக்கூடிய சி-46 வந்தது. முழுமையாகச் சோதித்துக் குறைகளைத் தீர்க்கும் முன்பே அவசரமாக அனுப்பப்பட்ட விமானம் அது. எஞ்சின் கார்புரேட்டரில் பனி உறைந்தது. இறக்கையில் கசிந்த பெட்ரோல் தேங்கி, நடுவானிலேயே சில விமானங்கள் வெடித்தன. குண்டுவீச்சு விமானத்தை பெட்ரோல் டேங்கராக மாற்றிச் செய்த சி-109, முழுச் சுமையோடு சீனாவின் மேட்டுநிலத் தளங்களில் இறங்கும்போது ஓட்டியவர்களை நடுங்க வைத்தது. சரக்கில் பெரும்பங்கு பெட்ரோல் என்பதால், மோதினால் மிஞ்சுவது அபூர்வம்.

ஜப்பானியர்களும் சும்மா இருக்கவில்லை. 1943 அக்டோபரில் அவர்களுடைய சண்டை விமானங்கள் சரக்கு விமானங்களை வேட்டையாடத் தொடங்கின. அதனால் பாதை இன்னும் வடக்கே, இன்னும் உயரமான மலைகளின் மேல் தள்ளிப்போனது. 1944 மே மாதம் வட பர்மாவின் மிட்சினா விமானத் தளம் நேசப்படைகளின் கைக்கு வந்த பிறகுதான் தெற்கே தாழ்வான பாதை திறந்தது. எதிரி நேரடியாகச் சுட்டு வீழ்த்திய விமானங்கள் மொத்த இழப்பில் சிறுபங்குதான்.

விழுந்தவர்களில் தப்பியவர்களும் உண்டு. 1943 ஆகஸ்ட் 2 அன்று சாபுவாவிலிருந்து கிளம்பிய சி-46 ஒன்றில் எஞ்சின் பழுதானது. அதில் இருந்த 21 பேரில் பத்திரிகையாளர் எரிக் செவரைட், ராஜதந்திரி ஜான் பாட்டன் டேவீஸ் ஆகியோரும் அடக்கம். துணை விமானி மாண்டார், மற்ற 20 பேரும் பாராசூட்டில் நாகா மலைக்காட்டில் இறங்கினார்கள். தலை வெட்டும் வழக்கம் அப்போதும் இருந்த பகுதி அது. காயம்பட்டவர்களைக் கவனிக்க டான் ஃப்ளிக்கிஞ்சர் என்ற ராணுவ மருத்துவர் இரண்டு உதவியாளர்களோடு, தெரிந்தே அந்தக் காட்டுக்குள் பாராசூட்டில் குதித்தார். நாகா கிராமத்தார் அவர்களுக்கு இடம் கொடுத்தார்கள், உணவு கொடுத்தார்கள். பிலிப் ஆடம்ஸ் என்ற பிரிட்டிஷ் அதிகாரி ஆட்களோடு நடந்துவந்து அவர்களை மொகோக்சுங்குக்கு அழைத்துப்போனார். இதை ஒட்டிய காலத்தில் சாபுவாவில் ஜான் போர்ட்டர் தலைமையில் ஒரு தேடல் மீட்புக் குழு உருவானது. எத்தனையோ பேரை உயிரோடு கொண்டுவந்த போர்ட்டர், அதே ஆண்டு டிசம்பரில் தேடலுக்குப் போன இடத்தில் சுட்டு வீழ்த்தப்பட்டு இறந்தார்.

மலையும் மழையும் மட்டுமே காரணம் என்று சொன்னால் அது பாதி உண்மைதான். மீதிப் பாதி அலுவலக மேசையில் இருந்தது. மாதம் 10,000 டன் போக வேண்டும் என்று அதிபர் ரூஸ்வெல்ட் 1943-இல் உத்தரவிட்டார். அந்த இலக்கு டிசம்பரில் எட்டப்பட்டது. அதற்காக, போதிய விளக்கு வசதி இல்லாத பாதையில் இரவிலும் பறந்தார்கள், எந்த வானிலையிலும் பறந்தார்கள். வந்த விமானிகளில் பலர் பயிற்சிப் பள்ளியிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த இளைஞர்கள். இந்தப் பாதைக்குப் பின்னர் பொறுப்பேற்ற ஜெனரல் வில்லியம் டன்னர் தன் நினைவுக் குறிப்பில் எழுதிய கணக்கு திடுக்கிட வைக்கிறது: 1944 ஜனவரியில் ஏறக்குறைய 200 பயணத்துக்கு ஒரு விமானம் போனது. சீனாவுக்குப் போன ஒவ்வொரு 1,000 டன் சரக்குக்கும் மூன்று அமெரிக்க உயிர்கள் விலையாயின.

டன்னர் 1944 செப்டம்பரில் வந்தார். முதலில் அவர் கண்டுபிடித்தது ஒரு விடுப்பு விதியை. 650 மணி நேரம் பறந்துவிட்டால் ஊருக்குப் போகலாம் என்று இருந்தது. வீடு திரும்பும் ஆசையில் இளைஞர்கள் ஓய்வே இல்லாமல் பறந்து, நாலே மாதத்தில் மணிக்கணக்கை முடித்தார்கள். களைத்த கண்களோடு மலைக்குள் நுழைந்தார்கள். டன்னர் அதை 750 மணி நேரமாக்கி, குறைந்தது ஓராண்டு தங்கியாக வேண்டும் என்றும் சேர்த்தார். விமானிகள் அவரைச் சபித்தார்கள். ஆனால் அவசர அவசரமாகப் பறக்க இனிக் காரணம் இல்லை. விமானப் பராமரிப்பைத் தொழிற்சாலை வரிசைபோல் அமைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு குழு ஒரே வேலையைச் செய்யும்படி மாற்றினார். விபத்து ஒவ்வொன்றையும் ஆராய்ந்து காரணம் கண்டறிய ஒரு பாதுகாப்புப் பிரிவு வைத்தார்.

1944 ஆகஸ்டில் 23,000 டன்னாக இருந்த மாதச் சரக்கு, 1945 ஜூலையில் 71,000 டன்னைத் தொட்டது. ஆனால் பறக்கும் மணிக்கணக்கில் பார்த்த விபத்து விகிதம், 1944 ஜனவரியோடு ஒப்பிட்டால் 1945 ஜனவரியில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன புயல் அடித்த அதே மாதம் அது! 1945 ஆகஸ்ட் 1 அன்று ஒரே நாளில் 1,118 முறை போய்வந்து 5,327 டன் இறக்கினார்கள். ஓர் உயிர்கூடப் போகவில்லை. அப்படியானால் முன்பு செத்தவர்களில் எத்தனை பேர் சாகாமல் இருந்திருக்கலாம்?

இதற்கு நேர்மாறான கதை ஸ்டாலின்கிராட். 1942 நவம்பரில் அங்கே முற்றுகைக்குள் மாட்டிய ஜெர்மானியப் படைக்குத் தினமும் குறைந்தது 300 டன் தேவைப்பட்டது. வானிலிருந்தே கொண்டுவந்து தருவதாக ஜெர்மானிய விமானப் படைத் தலைவர் கோரிங் வாக்குக் கொடுத்தார். போய்ச் சேர்ந்தது சராசரியாக 100 டன்னுக்குச் சற்று மேல்தான். உறைபனி, சோவியத் பீரங்கி, சண்டை விமானங்கள் எல்லாம் சேர்ந்து சுமார் 490 விமானங்களை அழித்தன. பாதிக்கு மேல் ஜங்கர்ஸ்-52 சரக்கு விமானங்கள். பயிற்சிப் பள்ளிகளின் ஆசிரியர்களையும் விமானங்களையும் பிடுங்கி அனுப்பியதால், அடுத்த தலைமுறை விமானிகளுக்குச் சொல்லிக்கொடுக்கவும் ஆள் குறைந்தது. படையும் சரணடைந்தது. ஒரு தலைவரின் வீம்பு வாக்குறுதிக்குச் சரக்கு விமானிகள் கொடுத்த விலை அது.

ஹம்ப் பாதையின் மொத்த இழப்பு 594 விமானங்கள், இறந்தோரும் காணாமற்போனோரும் 1,659 பேர் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. பதிவேட்டுக்குப் பதிவேடு எண் மாறுகிறது. வெயிலில் மின்னிய உடைசல்களைப் பார்த்துப் பார்த்தே பாதை அறிந்ததால், விமானிகள் அதை 'அலுமினியத் தடம்' என்றார்கள்.

அந்தத் தடத்தை அமெரிக்கரான கிளேட்டன் கூல்ஸ் பல ஆண்டுகளாக நடந்தே தேடிவருகிறார். 1945 ஜனவரி முதல் வாரப் புயலில் 13 பேரோடு காணாமற்போன ஒரு சி-46 விமானத்தை, அருணாசலப் பிரதேசத்தின் பனிமலையில் 2021 டிசம்பரில் அவர் குழு கண்டுபிடித்தது. அதற்கு முன் 2018-இல் நடந்த முயற்சியில், பனிப்புயலில் சிக்கி லிசு இனத்தைச் சேர்ந்த மூன்று வழிகாட்டிகள் உயிரிழந்தார்கள். யாரோ ஒரு தேசத்துக் குடும்பம் தன் தகப்பனைத் தேட, இந்த மலையின் பிள்ளைகள் உயிரைக் கொடுத்திருக்கிறார்கள். அவர்களையும் இந்தப் பட்டியலில் சேர்த்தே நினைக்க வேண்டும்.

1944 ஜனவரி 25 அன்று குன்மிங்கிலிருந்து சாபுவா திரும்பும் வழியில் 8 பேரோடு விழுந்த பி-24 விமானத்தையும் 2006-இல் கூல்ஸ்தான் கண்டுபிடித்தார். இந்திய அரசின் அனுமதியோடு அங்கே கிடைத்த எச்சங்கள் 2016-இல் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டன. மறு ஆண்டு, அந்த எட்டுப் பேரில் ஒருவரான இளம் அதிகாரி, ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள தன் சொந்த ஊரில் அடக்கம் செய்யப்பட்டார். 2023 நவம்பரில் பாசிகாட்டில் இந்தப் பாதைக்கென்றே ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அருணாசலம் போகிறவர்கள் அங்கே ஒருமுறை போய்வர வேண்டும். நூற்றுக்கணக்கானோர் இன்னும் அந்த மலைகளில்தான் கிடக்கிறார்கள். அவர்களைத் தேடும் பணி நிற்காமல் நடக்க, இரு நாட்டு அரசுகளும் வழிவிட வேண்டும்.