காவல் நாய்க்குட்டியை எஜமானனிடம் பழக்கும் முறை

தோட்டக் காவலுக்கும் பட்டிக் காவலுக்கும் நாய் வளர்ப்பது நம் குடியானவர்களிடையே தொன்றுதொட்டு வரும் வழக்கமாகும். இராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி ஆகிய ஜாதிகள் இவ்வாறு தென் ஜில்லாக்களில் பேணப்பட்டு வந்தவையே. ஆயினும், நல்ல ஜாதிக் குட்டியை விலை கொடுத்து வாங்கிய பலர், ஒரு வருஷத்துக்குள் அதைச் சங்கிலியில் கட்டிப்போடவோ, ஊருக்கு அப்பால் விட்டுவிடவோ நேரிடுகிறது. கூப்பிட்டால் வருவதில்லை, அயலார் ஆட்டைத் துரத்துகிறது, வழிப்போக்கரைக் கடிக்கிறது என்பனவே அவர்கள் கூறும் குறைகள். இவற்றால் எழும் பிராதுகள் கிராம அதிகாரிகளிடம் வந்து சேர்கின்றன. இக்குறைகளுக்குப் பெரும்பாலும் ஜாதி காரணமன்று. எஜமானனுடைய முகத்தை நோக்கும் பழக்கம் குட்டிப் பருவத்தில் ஏற்படாமற் போனதே காரணமாகும்.

குட்டி பிறந்து 2 வாரமளவில் கண் திறக்கும். 3-வது வாரத்தில் காது கேட்கத் தொடங்கும். அப்பொழுதிலிருந்து ஏறக்குறைய 12 அல்லது 14-வது வாரம் வரையில் உள்ள காலமே மனிதரிடம் உறவு வேரூன்றும் காலமாகும். அமெரிக்காவில் மேய்ன் மாகாணத்து பார் ஹார்பரில் நடந்து 1961-ஆம் வருஷம் வெளியிடப்பட்ட ஒரு பரிசோதனை இதனை நன்கு விளக்குகிறது. உயர்ந்த வேலியிட்ட வெளிகளில் குட்டிகளைத் தாயோடு விட்டு, வெவ்வேறு வயதில் ஒவ்வொரு தொகுதியையும் ஒரு வார காலம் மட்டும் மனிதரோடு பழக்கினார்கள். 14 வாரம் வரையில் மனிதரோடு பழகாத குட்டிகளோ, காட்டு மிருகங்களைப் போல அஞ்சி ஓடின. ஆகையால், குட்டி வாங்க விரும்புவோர், அது பிறந்த வீட்டில் 3-வது வாரம் முதல் மனிதர் கையில் எடுத்துப் பழக்கினார்களா என்பதை முதலில் விசாரித்தறிதல் நலம். சீக்கிரம் பிரித்தால் நம்மிடம் அதிகமாக ஒட்டும் என்று எண்ணி, 1 மாதக் குட்டியைத் தூக்கிவருவது தவறு. தாயிடமும் உடன்பிறப்புகளிடமும் விளையாடியே அது கடியின் அளவைக் கற்றுக்கொள்கிறது. 8 வாரம் நிரம்பாத குட்டியை விற்பனை செய்வதை 2017-ஆம் வருஷத்து விதிகளும் தடுக்கின்றன.

குட்டி வீடு வந்த பின் அதற்குச் சோறு வைப்பவர் யார் என்பது முக்கியமான விஷயம். பண்ணையாள் சோறு வைத்து, பண்ணையாள் உலாவ அழைத்துச் செல்ல, எஜமானர் திண்ணையிலிருந்து அதிகாரம் செய்வாராயின், நாய் பண்ணையாளையே எஜமானனாகக் கொள்ளும். அது நாயின் குற்றமன்று. யாருக்கு அது கீழ்ப்படிய வேண்டுமோ அவரே, முதல் 2 மாதமேனும், ஒரு வேளை உணவையாவது தம் கையால் ஊட்டுதல் வேண்டும்.

முதற்பாடம் மிக எளிது. உணவு வேளைக்குச் சற்று முன், குட்டி பசியோடிருக்கையில், உப்பும் காரமும் சேராத வெந்த இறைச்சியையோ முட்டையையோ சிறு துணுக்குகளாகக் கையில் மறைத்துக்கொண்டு அமைதியாக உட்காரவும். குட்டி கையை முகரும், நக்கும், பிராண்டும்; கை திறக்கலாகாது. சலித்து ஒரு கணம் நம் முகத்தை அண்ணாந்து பார்க்கும். அந்தக் கணமே அன்பாகப் பெயரைச் சொல்லி ஒரு துணுக்கைத் தரவேண்டும். தாமதித்துக் கொடுத்தால் எதற்காகக் கிடைத்தது என்பதை அது அறியாது. ஒரு தடவைக்கு 3 முதல் 5 நிமிஷம் போதுமானது. நாளொன்றுக்கு இரண்டு மூன்று தடவை செய்யலாம். சில நாட்களில் பெயரைக் கேட்டவுடன் குட்டி திரும்பி நோக்கும். பிறகு இடத்தை மாற்றி, முற்றம், களத்துமேடு, கிணற்றடி என்று படிப்படியாகச் செல்லவும்.

பார்வையினால் உண்டாகும் இவ்வுறவுக்கு உடலிலும் ஆதாரமுண்டு. நாயும் எஜமானனும் ஒருவரையொருவர் நெடுநேரம் நோக்கும்பொழுது இருவர் உடலிலும் ஆக்ஸிடாஸின் என்னும் சுரப்பு மிகுவதாக ஜப்பானிய விஞ்ஞானிகள் 2015-ஆம் வருஷம் வெளியிட்டனர். கறவை மாடு பாலை இறக்குவதற்குக் காரணமான சுரப்பும் இதுவே.

பெயரை ஒருபோதும் வைவதற்கு உபயோகிக்கலாகாது. கூப்பிட்டு வந்த குட்டியை அடித்தால், அடுத்த முறை அது வாராது. ஓடும் குட்டியைத் துரத்துவதும் வீணே; அதை ஒரு விளையாட்டாகக் கொண்டு மேலும் ஓடும். நாம் எதிர்த்திசையில் ஓடினால் அது நம்மைத் துரத்தி வரும். வேலியடைத்த தோட்டத்தில், குட்டி வேறெங்கோ கருத்தாயிருக்கையில் வைக்கோற்போருக்குப் பின் மறைந்து நின்று, தேடி வந்ததும் பாராட்டுவது நல்ல முறை. நான்கைந்து தடவை இவ்வாறு செய்தால், எஜமானன் எங்கே என்று பார்த்துக்கொண்டேயிருக்கும் வழக்கம் தானே அமையும்.

ஆடு, கோழிகளிடம் பழக்குவதே கடினமான பகுதி. சிப்பிப்பாறையும் கன்னியும் ஓடுவதைக் கண்டால் துரத்தும் இயல்புடைய வேட்டை நாய்கள். முயல் வேட்டையோ 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தினால் குற்றமாகிவிட்டது. ஆகவே இந்த வேகம் எஜமானனுடைய சொல்லுக்கு அடங்கினாலன்றி வீட்டுக்கும் ஊருக்கும் தொல்லையே. நீண்ட கயிற்றில் பிடித்துக்கொண்டு, மந்தைக்கு வெகு தூரத்தில் நின்று, குட்டி ஆட்டைப் பார்த்துவிட்டு நம்மைத் திரும்பிப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் துணுக்குக் கொடுக்க வேண்டும். திரும்பிப் பார்க்கவில்லையெனில் மிக அருகில் வந்துவிட்டோம் என்று பொருள், பின்வாங்கவும். ஒரு தடவையேனும் ஆட்டைத் துரத்திச் சுவை கண்ட குட்டியைத் திருத்துவது எளிதன்று. ஆதலால் பழக்கம் உறுதிப்படும் வரை கயிற்றை அவிழ்க்க வேண்டாம்.

பகல் முழுவதும் சங்கிலியில் கிடக்கும் குட்டி அயலாரிடம் பழகாமல் அச்சத்தினால் கடிக்கும் நாயாக மாறக்கூடும். தடுப்பூசிகள் முடியும் வரை தெரு நாய்கள் நடமாடும் இடங்களில் இறக்கிவிடாமல், தோளில் தூக்கிச் சென்று குழந்தைகள், வண்டிகள், சந்தை இரைச்சல் இவற்றைக் காட்டுக. 3 மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசியைத் தவறாது போடுவிக்க வேண்டும்.

6-வது மாதத்திற்குமேல் நன்கு பழகிய குட்டியும் சில காலம் செவிசாய்க்காதது போலிருக்கும். பருவமடையும் காலத்தின் இயல்பு அது. கோபியாமல் முதற்பாடத்திற்கே திரும்பவும். ஆனால் இராஜபாளையம் போன்ற வெண்ணிறக் குட்டிகளில் பிறவிச் செவிடு காணப்படுவதுண்டு. வாங்குமுன், குட்டியை மற்றவற்றினின்று பிரித்து, அதன் பின்னே காற்றசைவு படாத தூரத்தில் நின்று கை தட்டிப் பார்க்கவும். செவிடான குட்டி ஏற்கெனவே வீட்டிலிருந்தால் பெயருக்குப் பதிலாகக் கைச்சைகையைக் கொண்டு இதே முறையில் பழக்கலாம். வேலியில்லாத இடத்தில் மட்டும் அதை அவிழ்த்து விடலாகாது.