கியர்பாக்ஸுக்கு இன்னொரு கூலர்

வண்டியும் வெக்கையும் – 11

புதுச்சேரிக் கடற்கரைச் சாலை வடக்கே முடிகிற இடத்தில் குருசுக்குப்பம் தொடங்குகிறது. கடல் பார்த்த ஊர்தான். ஆனால் ஊருக்கும் அலைக்கும் நடுவே இப்போது கிடப்பது பெரும்பாலும் கருங்கல். 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தன. இந்தக் கரையோரம் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகரும் மணல் அங்கேயே தங்கிப்போனது. வடக்கே வர வேண்டிய மணல் வராததால் நகரின் கரையைக் கடல் தின்றது. மிச்சத்தைக் காப்பாற்றக் கல்லைக் கொட்டினார்கள். படகை இழுத்து ஏற்ற இருந்த இடம் சுருங்கியது.

விசைப்படகுகள் நிற்பது நகரின் தெற்கே, தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில். அங்கிருந்து மீன்பெட்டி வடக்கே வரவும், இங்கிருந்து வலையும் ஐஸும் தெற்கே போகவும் சாலைதான் வழி. கரை குறையக் குறைய பிக்கப் வண்டியின் வேலை கூடிவிட்டது. தூரமும் பெரிதில்லை, சில கிலோமீட்டர்தான். ஆனால் பாரம் முழுசு, தெரு குறுகல், சிக்னல் நிறைய. மாலையிலிருந்து மறுநாள் காலை வரை கடற்கரைச் சாலையில் வண்டி விடமாட்டார்கள் என்பதால் ஊருக்குள் புகுந்து புறப்பட வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் வண்டியைவிட, அஜந்தா சிக்னலில் ஊர்ந்து நிற்கும் வண்டிக்குத்தான் அதிகம் வியர்க்கும். ஏன் என்பதுதான் இந்த வாரக் கதை.

சென்ற வாரம் ரேடியேட்டரைப் பார்த்தோம். அது இன்ஜினின் சூட்டை வெளியேற்றும் பாதை. அதே வண்டியில் சூடு பிறக்கும் இன்னொரு இடம் கியர்பாக்ஸ். வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டுப் பட்டறைக்கு வரும் இளைஞர்கள் இப்போதெல்லாம் இப்படிக் கேட்கிறார்கள்:

“அண்ணே, அங்கெல்லாம் கியர்பாக்ஸுக்குன்னு தனியா ஒரு கூலர் வைக்கறாங்க. நம்ம பிக்கப்புக்கும் வைக்கலாமா?”

விவரம் தெரிந்த மெக்கானிக் பதில் சொல்லுமுன் ஒரு கேள்வி கேட்பார்: “எந்த வண்டி தம்பி? மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா?”

உராய்ந்தால் கொஞ்சம், வழுக்கினால் நிறைய

நம் தெருக்களில் மீனும் காய்கறியும் சுமக்கும் வண்டிகளை எண்ணிப் பாருங்கள். 2005இல் வந்த டாடா ஏஸ், 2011இல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த், மஹிந்திராவின் பொலேரோ பிக்கப். இவற்றில் நாம் பார்ப்பவை அநேகமாக எல்லாமே கையால் கியர் போடும் வண்டிகள். பல்லோடு பல் பொருந்திச் சுழலும் சக்கரங்கள் வழியாகத்தான் இன்ஜினின் விசை பின்சக்கரத்துக்குப் போகிறது. நன்றாகச் செய்த ஒரு ஜோடிப் பல்சக்கரத்தில் வீணாவது நூற்றுக்கு ஒன்று, இரண்டு பங்கு மட்டுமே. கியர் ஆயிலைக் கடைவதிலும் பேரிங்கிலும் இன்னும் கொஞ்சம் போகும். அந்தச் சூட்டைக் கியர்பாக்ஸின் உலோக உடம்பே காற்றில் விட்டுவிடும். இந்த வண்டிகளுக்குத் தனிக் கூலர் வைப்பது காசுக்குப் பிடித்த கேடு.

ஆட்டோமேட்டிக் வண்டியின் கதை வேறு. 2022இல் இந்தியாவுக்கு வந்த டொயோட்டா ஹைலக்ஸில் 2.8 லிட்டர் டீசல் இன்ஜினுடன் ஆறு கியர் ஆட்டோமேட்டிக் கிடைக்கிறது. ஆந்திர எல்லையில், ஸ்ரீசிட்டியில் தயாராகும் இசுஸு வி-கிராஸிலும் ஆட்டோமேட்டிக் உண்டு. மீன்பெட்டி ஏற்ற இவற்றை யாரும் வாங்குவதில்லை. ஆனால் டிரெய்லரில் படகைக் கட்டி இழுக்கவும், விடுதிகளுக்குச் சாமான் ஏற்றவும், குடும்பத்தோடு மலையேறவும் வாங்குகிறார்கள். இவற்றில் இன்ஜினுக்கும் கியருக்கும் நடுவே கிளட்ச் தட்டு கிடையாது; அந்த இடத்தில் இருப்பது டார்க் கன்வெர்ட்டர். எண்ணெய் நிரம்பிய உருண்டைக் கூட்டுக்குள் எதிரெதிராக இரண்டு விசிறிகள். இன்ஜின் ஒன்றைச் சுழற்ற, அது எண்ணெயை வீசி அடிக்க, அந்த அடியில் மற்றது சுழல்கிறது. நடுவில் இருக்கும் மூன்றாவது சிறு விசிறி, திரும்பி வரும் எண்ணெயை மடக்கி அனுப்பி முறுக்கு விசையைக் கூட்டுகிறது.

எண்ணெய் வழியாகத் தள்ளும்போது வழுக்கல் இருக்கும். பிரேக்கை மிதித்தபடி டிரைவில் நிற்கும் வண்டியில் முதல் விசிறி சுழல்கிறது, இரண்டாவது நிற்கிறது. உள்ளே போகும் விசை முழுவதும் எண்ணெயில் சூடாக இறங்குகிறது. நெரிசலில் ஊர்ந்தாலும், சரிவில் பாரம் இழுத்தாலும் இதே கதைதான். அளவு மட்டும் மாறும்.

ஒரு கணக்கு போடுவோம். பாரம் இழுக்கும்போது இன்ஜின் 30 கிலோவாட் தருகிறது, கன்வெர்ட்டர் நூற்றுக்கு 80 பங்கைத்தான் கடத்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 6 கிலோவாட் சூடு. வீட்டுக் குளியலறையில் மாட்டும் 2 கிலோவாட் ஹீட்டர்கள் மூன்றை ஒரே நேரத்தில் எண்ணெயில் முக்கி வைத்தது போல. பெட்டியில் 8 லிட்டர் எண்ணெய் இருந்தால், அந்தச் சூடு அதை நிமிடத்துக்கு 25 டிகிரி செல்சியஸ் வீதம் ஏற்றும். நடைமுறையில் சுற்றியுள்ள அலுமினியமும் இரும்பும் பங்கு வாங்கிக்கொள்வதால் ஏற்றம் இதைவிட மெதுவாக இருக்கும். ஆனாலும் வெளியேற வழியில்லாவிட்டால் எண்ணெய் சில நிமிடங்களிலேயே ஆபத்தான எல்லையைத் தொட்டுவிடும்.

வேகம் சீரானதும் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் லாக்-அப் கிளட்ச் இரண்டு விசிறிகளையும் பூட்டிவிடும். வழுக்கல் நின்றதும் சூடும் சட்டென்று தணியும். அதனால்தான் கிழக்குக் கடற்கரைச் சாலை கியர்பாக்ஸுக்கு ஓய்வு, நகரத் தெரு தண்டனை.

கப்பலில் பிறந்த எண்ணெய்ச் சக்கரம்

சாலையில் நமக்குத் தலைவலி தரும் இந்தக் கருவி சாலைக்காகப் பிறந்ததில்லை. ஜெர்மனியின் ஸ்டெட்டின் நகரில் (இன்று அது போலந்தில் இருக்கிறது) வல்கன் கப்பல் கட்டும் தளத்தில் பொறியாளராக இருந்தவர் ஹெர்மன் ஃபோட்டிங்கர். நீராவி டர்பைன் மிக வேகமாகச் சுழலும். கப்பலின் விசிறியோ மெதுவாகச் சுழன்றால்தான் தண்ணீரை நன்றாகத் தள்ளும். இரண்டையும் இணைக்க அவர் கண்ட வழிதான் திரவத்தால் விசை கடத்தும் இந்த அமைப்பு. 1905இல் காப்புரிமை வாங்கினார். பெரிய பல்சக்கரக் குறைப்பான்களை நம்பகமாகச் செய்ய முடிந்தபோது கப்பல்களில் இது பின்தங்கியது. பின்னர் பேருந்து, ரயில், கார் என்று கரையேறியது.

இந்திய ரயில்வேயிலும் இதற்கு ஒரு சொந்தக் கிளை உண்டு. எம்.எம்.சூரி என்ற பொறியாளர் வடிவமைத்த சூரி டிரான்ஸ்மிஷன், சித்தரஞ்சனில் கட்டப்பட்ட டபிள்யூ.டி.எஸ்-4 ஷண்டிங் இன்ஜின்களில் பொருத்தப்பட்டது. யார்டில் பெட்டிகளைத் தள்ளி இழுத்து நாள் முழுவதும் நின்று நின்று ஓடும் வேலை அவற்றுக்கு. சூரிக்குப் பொறியியலுக்கான பட்நாகர் விருது 1962இல் கிடைத்தது. இன்று சென்னையை அடுத்த ஒரகடத்தில் ஆலிசன் நிறுவனத்தின் ஆலை கனரக வண்டிகளுக்கான ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களைச் செய்கிறது. இந்த வகைக் கனரகப் பெட்டிகளில் ஆயில் கூலர் என்பது விருப்பப்பட்டால் மாட்டிக்கொள்ளும் அலங்காரம் அல்ல. அது இல்லாமல் வண்டியை வடிவமைக்கவே மாட்டார்கள்.

குருசுக்குப்பத்து மீனவருக்கும் இது புதிதில்லை. விசைப்படகின் ஹைட்ராலிக் கியர்பாக்ஸில் பல்சக்கரங்களோடு எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் கிளட்சும் இருக்கிறது. அந்த எண்ணெயைக் குளிர்விக்கக் கூலர் ஒன்றும் உடன்பிறந்ததாகவே வரும். கடல் தண்ணீரை பம்ப் இழுத்து அதன் வழியாக ஓட்டும். மடி இழுக்கும்போது படகு நடை வேகத்தில்தான் போகிறது, இன்ஜினோ முழு மூச்சில் உழைக்கிறது. அந்த நிலையிலும் கியர்பாக்ஸ் தாங்குவது கடல் வற்றாத குளிர்ச்சியைத் தருவதால். சாலையில் ஊரும் வண்டிக்கும் வேலை அதேதான், மெதுவான வேகம், கனத்த பாரம். ஆனால் அதற்குக் கிடைப்பது மே மாதத்தில் 40 டிகிரியைத் தொடும் காற்று மட்டுமே. இரண்டாவது கூலர் வேண்டுமா என்ற கேள்வி இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

எண்ணெய் எவ்வளவு தாங்கும்?

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் எண்ணெய் வழவழப்புக்காக மட்டும் இல்லை. விசையைக் கடத்துவது அதுதான். கிளட்ச்களை அழுத்திப் பிடிப்பதும், வால்வுகளை நகர்த்துவதும், சூட்டைச் சுமந்து செல்வதும் அதுதான். 80 முதல் 95 டிகிரி செல்சியஸ் வரை அது நிம்மதியாக இருக்கும். அதற்கு மேல் ஒவ்வொரு 11 டிகிரிக்கும் எண்ணெயின் ஆயுள் பாதியாகும் என்பது மெக்கானிக்குகள் நெடுங்காலமாகச் சொல்லும் கணக்கு. இன்றைய சிந்தெடிக் எண்ணெய்கள் இன்னும் தாங்கும்; ஆனால் கணக்கின் திசை மாறவில்லை. 115 டிகிரியைத் தாண்டினால் பிசின் போன்ற படிவு உண்டாகி வால்வுகளில் ஒட்டத் தொடங்கும். 125ஐ ஒட்டி ரப்பர் சீல்கள் இறுகும். 145ஐ நெருங்கினால் கிளட்ச் தட்டுகள் வழுக்கும். அந்த வழுக்கல் இன்னும் சூட்டைக் கிளப்பும். அதன் பிறகு செலவு எண்ணெய்க்கு அல்ல, கியர்பாக்ஸுக்கு.

கம்பெனி ஏற்கெனவே ஒரு கூலர் வைத்துத்தான் வண்டியைத் தருகிறது. பல வண்டிகளில் அது ரேடியேட்டரின் பக்கத் தொட்டிக்குள் ஒளிந்திருக்கும். சுற்றி ஓடும் இன்ஜின் தண்ணீரே 90 டிகிரியில் இருப்பதால், எண்ணெயை அதற்குக் கீழே இறக்க அதனால் முடியாது. உள்ளே விரிசல் விட்டால் தண்ணீரும் எண்ணெயும் கலந்து இளஞ்சிவப்புக் கூழாகிவிடும். அந்தக் கூழ் ஓடிய கியர்பாக்ஸைக் காப்பாற்றுவது கடினம்.

மாட்டினால் இப்படி மாட்டுங்கள்

முதலில் அளந்து பாருங்கள். ஓபிடி ஸ்கேனர் ஒன்றை மாட்டினால் பெரும்பாலான ஆட்டோமேட்டிக் வண்டிகள் கியர்பாக்ஸ் எண்ணெயின் வெப்பத்தைக் காட்டிவிடும். உங்கள் வண்டியின் மிகக் கடினமான ஒரு மணி நேரத்தை ஓட்டுங்கள்: முழுப் பாரம், மதிய வெயில், ஏசி ஓட, நெரிசலான தெரு. அளவு 95ஐ ஒட்டியே நின்றால் பணத்தைப் பையில் வையுங்கள். 110ஐத் தாண்டித் தாண்டிப் போனால் கூலர் வேலை செய்யும் இடம் அதுதான்.

வகைகளில், வளைந்த குழாயில் தகடு கோத்த பழைய ரகத்தைவிட, தட்டுகளை அடுக்கிய ரகம் அதே அளவில் அதிக சூட்டை வெளியேற்றும். எண்ணெய் கியர்பாக்ஸிலிருந்து முதலில் ரேடியேட்டர் கூலருக்கும், அதிலிருந்து புதுக் கூலருக்கும், பிறகு கியர்பாக்ஸுக்கும் திரும்பட்டும். காற்றில் குளிர்ந்த எண்ணெயை மறுபடி 90 டிகிரித் தண்ணீருக்குள் அனுப்பினால் செய்த வேலை வீண். இடம் ஏசி கண்டென்சருக்கு முன்னால். வண்டி நிற்கும்போதும் இன்ஜின் விசிறி அங்கே காற்றை இழுக்கும். இதற்கு ஒரு விலை உண்டு: கூலரைத் தொட்டுச் சூடான காற்றுதான் பிறகு ஏசிக்குப் போகும். கூலர் தேவைக்கு மேல் பெரிதாக இருந்தால் ஏசி தளரும்.

தெர்மோஸ்டாட் வால்வு குளிர்நாட்டுக்காரர்களுக்கு மட்டும்தான் என்று விட்டுவிடாதீர்கள். எண்ணெய் தேவையான சூட்டுக்கு வராதவரை பல கியர்பாக்ஸ்கள் லாக்-அப் போடாமல் காத்திருக்கும். புதுச்சேரி மார்கழியின் விடியலில்கூட அதிகம் குளிர்ந்த எண்ணெய் நல்லதல்ல.

கூலரை ரேடியேட்டர் தகடுகளுக்குள் பிளாஸ்டிக் கம்பி குத்திக் கட்டுவார்கள், அதை அனுமதிக்காதீர்கள். ஆட்டத்தில் தகடு தேய்ந்து ரேடியேட்டரே ஓட்டையாகும். தனிப் பட்டை அடித்து, சேஸிஸில் போல்ட் போட்டு நிறுத்துங்கள். ஓஸ், டிரான்ஸ்மிஷன் எண்ணெய்க்கென்று செய்ததாக இருக்க வேண்டும். தண்ணீர் ஓஸ் சீக்கிரம் ஊறிவிடும். கூலரும் ஓஸும் கொஞ்சம் எண்ணெயைக் கூடுதலாக வாங்கிக்கொள்ளும். அளவுக்குச்சி இல்லாத பெட்டிகளில், கம்பெனி சொல்லும் வெப்பத்தில் எண்ணெயை வைத்து, வழிவுத் துளை வழியாக அளவு பார்க்க வேண்டும். வாரண்டி மிச்சமிருந்தால், வேலைக்கு முன் அது செல்லுமா என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

கடலோரக்காரர்களுக்கு இன்னொன்றும் உண்டு, அது உப்பு. அலை கல்லில் மோதும்போது தெறிக்கும் நுண்துளி காற்றோடு தெருவுக்கு வருகிறது. மீன்பெட்டியிலிருந்து உருகி வழியும் உப்புத் தண்ணீர் அடிச்சட்டத்தில் இறங்குகிறது. அலுமினியத் தகட்டை இரும்பு போல்ட்டால் இறுக்கி, நடுவே உப்பு ஈரமும் சேர்ந்தால் இரண்டு உலோகங்களுக்கும் இடையில் மின்வேதி அரிப்பு தொடங்கும். துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுக்கும் கூலருக்கும் நடுவில் ரப்பர் வாஷர் போடுங்கள். வாரத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீரை மெல்லிய அழுத்தத்தில் கூலர் மேல் ஊற்றுங்கள். பீய்ச்சி அடித்தால் தகடுகள் வளைந்துவிடும். மலைநாட்டில் பத்தாண்டு உழைக்கும் கூலர் இங்கே அவ்வளவு நாள் நிற்கும் என்று நம்ப வேண்டாம். சூட்டைத் தணிக்கப் போட்ட பாகமே கசிந்தால் எண்ணெய் தரையில் இருக்கும், கியர்பாக்ஸ் காலியாக இருக்கும்.

கையால் கியர் போடும் பிக்கப் வைத்திருப்பவர்கள் சிரிக்க வேண்டாம். உங்கள் வண்டியிலும் வழுக்கல் இருக்கிறது, கியர்பாக்ஸில் அல்ல, ஹாஃப் கிளட்சில். அதைக் குளிர்விக்க எந்தக் கூலரும் கிடையாது. உங்கள் இடது கால் மட்டும்தான்.

(அடுத்த வாரம்: கிளட்ச் தட்டு எரியும் வாசம் எங்கிருந்து வருகிறது?)