மெல்லச் செல்லும் மோட்டார் சைக்கிள்

கிருத்திகை நாள்களில் திருத்தணிகைத் தெருக்களில், காவடியெடுத்து நடப்போரின் பின்னே மோட்டார் சைக்கிள் செலுத்துவது எளிதன்று. முதல் கியரிலும் வண்டி மனிதர் நடையை மிஞ்சுகிறது. வேகத்தைக் குறைத்தாலோ எஞ்சின் திணறி நின்றுவிடுகிறது. ஆகவே ஓட்டுபவர் கிளட்சைப் பாதி பிடித்தபடியே செல்கிறார். தட்டுகள் உராய்ந்து தேய்கின்றன. கை சோர்ந்து பிடி நழுவினால், வண்டி பாய்ந்து நடப்பவர்மேல் மோதவும் கூடும்.

1955 முதல் சென்னையில் உருவான என்பீல்டு புல்லட்டின் பழைய வகையை எடுத்துக்கொள்வோம். கியர்ப் பெட்டியின் சிறு பற்சக்கரம், சங்கிலி வழியே பின்சக்கரத்தின் பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. சிறியதில் 17 பற்கள் இருப்பின், 16 பற்கள் உள்ளதைப் பொருத்தலாம். அப்போது அதே எஞ்சின் சுழற்சிக்கு வேகம் சுமார் 6 விழுக்காடு குறையும். சக்கரத்தை உந்தும் விசை ஏறக்குறைய அவ்வளவே கூடும். ஒரு பல்தானே என எண்ண வேண்டா. கிளட்சைப் பிடித்துச் செல்லும் தேவை குறைவதைக் கையே உணரும்.

ஆனால் திருப்பதி நெடுஞ்சாலையில் நாள்தோறும் விரைபவருக்கு இது ஏற்றதன்று. எஞ்சின் வீணே மிகுதியாகச் சுழலும். இவ்வகை வண்டியில் அப்பற்சக்கரம் கிளட்சுக்குப் பின்னே இருப்பதால், கிளட்சைக் கழற்றியே மாற்ற வேண்டும். பழகிய மெக்கானிக்கிடம் விடுவதே நலம். மாற்றியபின் சங்கிலியின் தொய்வையும் சரிசெய்யச் சொல்லுங்கள்.