ஸ்டிக்கருக்கு முன் காகிதம்

இட்லி மாவு விற்கும் ஒருவர் தன் வெள்ளைக் குட்டி யானை வண்டியை உச்சி முதல் பாதம் வரை பச்சை வினைல் ஸ்டிக்கரால் மூடினார். தெருவே திரும்பிப் பார்த்தது. எஃப்.சி.க்கு, அதாவது தகுதிச் சான்றுக்கு, போனபோது ஆய்வாளரும் பார்த்தார். பதிவுச் சான்றான ஆர்.சி.யில் இருந்தது வெள்ளை, எதிரே நின்றது பச்சை. வண்டி திரும்பி வந்தது. ஒட்டவும் காசு, உரிக்கவும் காசு. உரித்தபோது, முன்பு டச்சப் செய்த கதவின் பெயிண்டும் சேர்ந்து வந்துவிட்டது.

பெயரும் ஊரும்தான் மாறுகின்றன, கதை இதேதான். சிறு தொழில் செய்பவர்கள் கலர் பார்க்கிறார்கள், எழுத்து பார்க்கிறார்கள், காகிதத்தை மட்டும் பார்ப்பதில்லை.

ஆர்.சி.யில் என்ன நிறம்?

கதவில் கடைப் பெயரும் போன் நம்பரும் ஒட்டுவது வேறு, வண்டியின் நிறமே மாறும்படி முழுதாக மூடுவது வேறு. ஆர்.சி.யில் நிறத்துக்கென்று ஒரு இடம் இருக்கிறது. ஆர்.சி. விவரங்கள் தயாரிப்பாளர் தந்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு. ‘இது பெயிண்ட் இல்லை, வெறும் ஸ்டிக்கர்தானே’ என்று கடைக்காரர் சொல்வார். சாலையில் வண்டியை நிறுத்திப் பார்ப்பவர் கடைக்காரர் இல்லை.

செய்ய வேண்டியது இதுதான். ஒட்டுவதற்கு முன்பே உங்கள் பகுதி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நிற மாற்றத்துக்கு மனு கொடுங்கள். ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று நகல்களை இணையுங்கள். வண்டி கடனில் இருந்தால் ஃபைனான்ஸ் நிறுவனத்தின் எழுத்துபூர்வ சம்மதமும் வேண்டும். மனுவின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் கவுன்டரை விட்டு நகராதீர்கள். அனுமதி பெற்று ஒட்டிய 14 நாட்களுக்குள் தெரிவித்து ஆர்.சி.யில் நிறத்தைத் திருத்திக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் ஒரு கடிதம் எழுதிவிடுங்கள்.

ஒரு ஜன்னலில் ‘அதெல்லாம் தேவையில்லை’ என்பார்கள், அடுத்த ஜன்னலில் ‘ஏன் கேட்காமல் ஒட்டினாய்’ என்பார்கள். ஒரு அறிவிப்புப் பலகை வைத்தால் தீர்ந்துபோகும் குழப்பம் இது, அதைச் செய்யத்தான் யாருக்கும் மனமில்லை. வாய்ப் பேச்சை நம்பாதீர்கள். நிற மாற்றம் பற்றிய சுற்றறிக்கையின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு, 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். மறுபடியும் சொல்கிறேன்: வாய்ப் பேச்சை நம்பாதீர்கள்.

எதை ஒட்டக் கூடாது?

ஆலிவ் பச்சை ராணுவ வாகனங்களுக்கு மட்டுமே உரிய நிறம். நம்பர் பிளேட்டில் பெயர், படம், அலங்கார எழுத்து எதுவும் கூடாது. விளக்குகளையும் பிரதிபலிப்புப் பட்டைகளையும் டிசைனுக்காக மூடக் கூடாது, இரவில் பின்னால் வரும் லாரிக்கு உங்கள் வண்டியைக் காட்டுவது அவைதான். கண்ணாடியில் முன்னும் பின்னும் 70 விழுக்காடு, பக்கங்களில் 50 விழுக்காடு வெளிச்சம் ஊடுருவ வேண்டும்.

தேசியக் கொடியைப் பானெட்டில் விரிப்பதும், கொடியின் மேல் எழுதுவதும் பக்தி இல்லை, குற்றம். அரசுச் சின்னத்தையும் காந்தி படத்தையும் வியாபாரத்துக்குப் பயன்படுத்த 1950ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது. ‘சர்க்கரை நோய் அடியோடு குணமாகும்’ என்று மருந்து வண்டியில் எழுதினால் 1954ஆம் ஆண்டின் மாய மருந்து விளம்பரச் சட்டம் பாயும். நடிகர் படம் போட்டால் கூட்டம் கூடும் என்று நினைப்பவர்கள், ரஜினிகாந்த் தன் பெயரும் பாணியும் அனுமதியில்லாமல் படமாவதை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் 2015இல் தடை வாங்கியதை நினைவில் வையுங்கள்.

டிசைன் யாருடையது?

கேட்டரிங் நடத்தும் ஒரு பெண்மணி இரண்டாவது வண்டி வாங்கினார். அதே டிசைனைக் கேட்டபோது, வரைந்தவர் ஃபைலைத் தர மறுத்துவிட்டார். ‘நான்தானே காசு கொடுத்தேன்’ என்றார் அந்தப் பெண்மணி. வெளியாளிடம் காசு கொடுத்து வரைய வைத்ததாலேயே லோகோவின் பதிப்புரிமை உங்கள் கைக்கு வந்துவிடாது. பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 19ஆம் பிரிவுப்படி அது எழுத்தில், கையெழுத்தோடு மாற்றித் தரப்பட வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றே எடுத்துக்கொள்ளப்படும். ஒரு பக்கக் கடிதம் போதும்: எந்த டிசைன், என்னென்ன உரிமை, எவ்வளவு காலம், எந்தெந்த இடம், எவ்வளவு தொகை. முழுத் தொகை கொடுக்கும் நாளில் கடிதத்தையும் மூல ஃபைலையும் சேர்த்து வாங்குங்கள்.

உரிமை ஒரு பக்கம் இருக்க, டிசைன் கண்ணைப் பறிப்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஓடும் வண்டியில் படிக்க முடிவது மூன்றுதான்: பெயர், தொழில், போன் நம்பர். அவற்றைப் பின்கதவில் பெரிதாகப் போடுங்கள், சிக்னலில் நிற்பவர் படிப்பது அதைத்தான். கதவு இடுக்கில் எழுத்து விழாமல் பாருங்கள். ஆங்கிலத்தில் ஒரு கோடு போனால் பரவாயில்லை, தமிழில் ஒரு புள்ளி போனால் சொல்லே போய்விடும்.

கடைக்காரர் ஏமாற்றினால்?

வளைவுகளுக்குக் காஸ்ட் வினைல் வேண்டும். தட்டையான பரப்புக்குத் தடிமனான கேலண்டர்டு வினைல் போதும். முன்னதற்குக் காசு வாங்கிக்கொண்டு பின்னதை ஒட்டினால், ஒரு கோடை தாண்டுவதற்குள் ஓரம் சுருங்கித் தூக்கும். பில்லில் வினைலின் பிராண்ட், வகை, லேமினேஷன், உத்தரவாதக் காலம் நான்கும் இருக்க வேண்டும். பெயிண்ட் மேல் பிளேடு வைத்து வெட்டவிடாதீர்கள், கீறல் பிறகு துருவாகும். ஒட்டுவதற்கு முன் வண்டியை நான்கு பக்கமும் படம் எடுத்து வையுங்கள்.

தகராறு வந்தால் முதலில் எழுத்துபூர்வமாக ஒரு நோட்டீஸ். அடுத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதன் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள் போக வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. நீங்கள் வசிக்கும் ஊரிலேயே மனு போடலாம். ஒன்று கவனியுங்கள்: ‘வணிக நோக்கம்’ என்று எதிர்த்தரப்பு வாதிடும். சுயதொழில் செய்து பிழைக்கவே வண்டி வைத்திருக்கிறேன் என்று மனுவிலேயே தெளிவாக எழுதுங்கள், சட்டம் அப்படிப்பட்டவரை நுகர்வோராகவே ஏற்கிறது. ஆனால் கையில் பில் இல்லாவிட்டால் இந்த வரியும் உங்களைக் காப்பாற்றாது.

நிற மாற்ற அனுமதி, டிசைன் உரிமைக் கடிதம், முழு விவரமுள்ள பில், வண்டியின் படங்கள். இந்த நான்கும் கோப்பில் ஏறிய பிறகு ஸ்டிக்கர் வண்டியில் ஏறட்டும். இப்போதே ஆர்.சி.யை எடுத்து, நிறம் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.