குவாண்டம் ஒளிக்கு கணக்கு சொன்ன தாம்பரம் மாணவர்... நோபல் கைநழுவியது எப்படி?

குன்றத்தூர், பல்லாவரம் பக்கம் இருப்பவர்களுக்கு தாம்பரம் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி தெரியாமல் இருக்காது. 1951-ல் அங்கு இயற்பியல் முடித்தவர்தான் இ.சி.ஜி.சுதர்சன்.

யார் இவர்?

1931-ல் கேரளாவின் கோட்டயம் பக்கம் பிறந்தவர். மும்பை டாடா ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிவிட்டு, அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. முடித்தார்.

அப்படி என்ன செய்தார்?

பல்பு வெளிச்சமோ, லேசரோ, ஒற்றை ஃபோட்டானோ... எல்லாவற்றையும் ஒரே கணக்கில் எழுதும் வழியை 1963-ல் சொன்னார். பல்பு வெளிச்சத்துக்கு அந்தக் கணக்கில் சாதாரண நிகழ்தகவு போலத்தான் விடை வரும். விடை மைனஸில் போனால்? அது அலை என்று மட்டும் சொல்லி விளக்க முடியாத, அசல் குவாண்டம் ஒளி. ஒவ்வொரு ஃபோட்டானாக உமிழும் இன்றைய ஒளி மூலங்களுக்கும் இதே இலக்கணம்தான்.

நோபல் என்னாச்சு?

1963-லேயே இத்துறைக்கு அடித்தளம் போட்ட இன்னொருவர் அமெரிக்காவின் ராய் கிளாபர். 2005-ல் நோபல் பரிசில் பாதி அவருக்குக் கிடைத்தது. பட்டியலில் சுதர்சன் பெயர் இல்லை. சும்மா இருக்கவில்லை அவர். நோபல் கமிட்டிக்கே கடிதம் எழுதி எதிர்ப்பு தெரிவித்தார்.

பிறகு?

ஏற்கெனவே 1980-களில் சென்னை தரமணி கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவருக்கு, 2007-ல் பத்ம விபூஷண் கிடைத்தது. 2018 மே மாதம் மறைந்தார். பரிசுப் பட்டியலில் விடுபட்ட பெயர் பாடப்புத்தகத்தில் விடுபடவில்லை. அந்தக் கணக்குக்கு அங்கே பெயர், ‘கிளாபர்-சுதர்சன்’.