நாளைக்குத் திறப்பு, இன்னிக்கு ஆணி!

உள்ளே வைத்த முதல் அடியிலேயே காலுக்கடியில் பபுள் ரேப் 'பட்' என்று வெடித்தது. "பார்த்து, பார்த்து!" என்று நாலு பக்கமிருந்தும் குரல். ஓவியம் தப்பியது. என் மானம் போனது!

சென்னையில் ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளம்தான் இந்தக் குட்டி கேலரி. முன்னறையில் கண்காட்சி, பின்னறையில் ஸ்டூடியோ. நாளை மாலை திறப்பு. இன்றோ, கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி மண்டபம் மாதிரி இருக்கிறது. படங்களெல்லாம் சுவரில் சாய்ந்தபடி தரையில் உட்கார்ந்திருக்கின்றன. கேலரி நடத்தும் அக்கா, ஏதோ பந்தியில் ஆட்களை உட்கார வைப்பதுபோல, அவற்றை இடம் மாற்றிக்கொண்டே இருக்கிறார். "இது ரெண்டும் பக்கத்துல வேணாம். நீலம் அந்தச் சின்னப் படத்தை முழுங்கிடுது." பார்த்தேன். அட, ஆமாம்!

அடுத்து வந்தது கணக்கு வகுப்பு. படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 57 அங்குலத்தில் நிற்க வேண்டுமாம். பார்ப்பவரின் கண்மட்டம் என்று பல அருங்காட்சியகங்கள் வைத்திருக்கும் அளவு. 36 அங்குல உயரப் படமா? பாதி 18. கூட்டினால் 75. பின்னால் கட்டிய கம்பி மேல்விளிம்புக்கு 4 அங்குலம் கீழே நிற்கிறது, அதைக் கழி. ஆணி 71-இல். இவ்வளவுதான்! பென்சிலை என்னிடமே கொடுத்துவிட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கோடு போட்டேன், படம் மாட்டும் அண்ணன் ட்ரில்லிங் மெஷினை அழுத்தினார், 'ர்ர்ர்ர்'. அப்புறம்தான் உறைத்தது: 4-ஐக் கழிக்கவே இல்லை!

"விடுங்க, பட்டி எதுக்கு இருக்கு?" என்று சிரித்தார் அண்ணன். பட்டி பூசி, தேய்த்து, வெள்ளையடித்து, கீழே புது ஓட்டை போட்டு, படத்தை மாட்டி, மேலே ரசமட்டம் வைத்தார். குமிழி நடுவுக்கு வரும்வரை ஒருத்தர்கூட மூச்சு விடவில்லை.

டீ வந்தது. கண்ணாடி டம்ளரோடு அக்கா சொன்ன கதை: 1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கியபோது, ஓவியம் சோறு போடாத காலம். பாத்திக் துணியும் கைவினைப் பொருட்களும் செய்து விற்றுத்தான் நிலமும் வீடும் கண்டார்கள். "ஓவியர்னா தூரிகை மட்டும் பிடிச்சா ஆகுமா?" என்றவர், டம்ளரை வைத்துவிட்டு ஏணியில் ஏறிவிட்டார்.

ஏணி மேலே விளக்கு வேலை. காகிதத்தில் தீட்டிய நீர்வண்ணம் வெளிச்சத்தில் வெளுத்துவிடும். அதற்கு 50 லக்ஸ் அளவு வெளிச்சம் போதும். எண்ணெய் வண்ணம் 200 வரை தாங்கும். விளக்கைத் துளி திருப்பியதும் மங்கிக் கிடந்த சிவப்பு ஒன்று சடாரென்று விழித்தது. கை தட்டிவிட்டேன்! மேசை இழுப்பறையில் இன்னொரு சிவப்பு காத்திருந்தது: விற்ற படத்துக்குப் பக்கத்தில் ஒட்டும் பொட்டு.

மறுநாள் மாலை. பட்டுப்புடவை, சந்தன வாசனை, சமோசா. பபுள் ரேப் போன இடம் தெரியவில்லை. ஒரு பெரியவர் அந்த 36 அங்குலப் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். "எவ்வளவு அமைதி!" என்றார் என்னிடம்.

"ஆமாம் சார்" என்றேன். என் கண் மட்டும் சட்டத்துக்கு மேலே, இன்னும் சரியாகக் காயாத அந்த வெள்ளைப் புள்ளியிலேயே இருந்தது.