முப்பது வயதுக்குள் சேர்க்க வேண்டிய முதல்

குளியலறையில் கால் வழுக்கி விழுந்த உம்மம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து விடுகிறது. "வயதாகி விட்டது, என்ன செய்வது?" என்று வீட்டார் பெருமூச்சு விடுகின்றனர். பல இல்லங்களில் நாம் காணும் காட்சி இது. ஆனால் அந்த எலும்பின் உறுதியில் பெரும்பகுதி, அவர் இளம்பெண்ணாக இருந்த காலத்திலேயே அமைந்துவிட்டது என்பதை அறிவீர்களா?

எலும்பை உயிரற்ற கல் என்று எண்ணிவிடாதீர்கள். பழைய எலும்பு கரைவதும் புதிய எலும்பு உருவாவதும் வாழ்நாள் முழுவதும் நிகழ்கின்றன. இளமையில் வரவு மிகுதி. ஏறத்தாழ 30 வயதுக்குள் எலும்பின் திண்மை உச்சத்தை எட்டிவிடுகிறது. பின்னர் படிப்படியாகச் செலவு மிஞ்சுகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் இழப்பு இன்னும் விரைவாகும்.

உணவில் கவனம்

உடலிலுள்ள சுண்ணாம்புச் சத்தில் 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலுமே உள்ளது. இரத்தத்தில் அச்சத்துக் குறையும்போது, உடல் அதனை எலும்பிலிருந்து எடுத்துக் கொள்கிறது. வயது வந்தோருக்கு நாள்தோறும் 1000 மில்லிகிராம் தேவை என இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் 2020ஆம் ஆண்டு பரிந்துரைத்தது. ஒரு குவளைப் பாலில் சுமார் 240 மில்லிகிராமும், 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராமும் கிடைக்கும். முருங்கைக்கீரை, எள், முள்ளோடு உண்ணும் நெத்திலி ஆகியவையும் சிறந்தவை.

இவற்றை விடுத்து, காலையில் வெறும் தேநீரும் மாலையில் குளிர்பானமுமாகப் பொழுதைக் கழிக்கும் பிள்ளைகள் பலர். மெலிய வேண்டுமென்று பட்டினி கிடக்கும் பெண்களுக்கு மாதவிடாயே தடைபட்டு எலும்பு நலிவதுண்டு. புகைபிடிக்கும் இளைஞரின் எலும்பும் அவ்வாறே நலிகிறது.

வெயிலும் அசைவும்

உண்ட சுண்ணாம்புச் சத்தை உடல் ஏற்க வைட்டமின் டி வேண்டும். அது பெரும்பாலும் வெயில் பட்டுத் தோலில் உருவாவது. கண்ணாடிச் சன்னல் வழியே வரும் வெயில் இதற்குப் பயன்படாது. அதிகாலை இளவெயிலிலும் பயன் மிகக் குறைவு. வெளியே செல்லும்போது உடலை மறைத்து உடுத்தும் நம் பெண்கள், முற்றத்திலோ மறைவுள்ள மொட்டை மாடியிலோ முற்பகலில் சற்று நேரம் முகத்திலும் கைகளிலும் வெயில் படுமாறு இருக்கலாம். குறைபாடு இருப்பின் மருத்துவரிடம் கேட்டு மாத்திரை உண்ணலாம்.

எடையைத் தாங்கும் எலும்பே உறுதி பெறும். எடையற்று மிதக்கும் விண்வெளி வீரர்கள், மாதம் ஏறத்தாழ 1 விழுக்காடு இடுப்பெலும்புத் திண்மையை இழக்கின்றனர். கைப்பேசியோடு மணிக்கணக்கில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளை விரைந்து நடக்கவும், ஓடவும், கயிறு தாண்டவும் பழக்குங்கள்.

தாய்மார்களே! மகளின் நகைக்கென மாதந்தோறும் சீட்டுக் கட்டுகிறீர்கள். அவளது எலும்புக்கும் இன்றே சேமிக்கத் தொடங்குங்கள். நகையைப் பின்னரும் வாங்கலாம். எலும்பு வளரும் பருவமோ ஒருமுறைதான் வரும்.